பழைய இணையக் கடையைப் புதுப்பிப்போம்



ஊறுகாய், மசாலாப் பொடி, அப்பளம், வடகம், பனையோலைக் கூடை, சணல் பை என்று நம் உறுப்பினர்கள் செய்யாத பொருள் இல்லை. சந்தையில் விற்கிறோம். கண்காட்சியில் ஸ்டால் போடுகிறோம். சிலர் தனியாகவும், சில இடங்களில் நாலைந்து குழுக்கள் சேர்ந்தும், எட்டு பத்து வருஷத்துக்கு முன்னால் இணையத்திலும் ஒரு கடையைத் திறந்து வைத்தோம். இன்றைக்கு அந்தக் கடைகள் எப்படி இருக்கின்றன? "வெப்சைட் இருக்குக்கா, ஆனா ஆர்டர்தான் வர்றதில்லை" என்பதுதான் பல இடங்களில் கிடைக்கும் பதில்.

உடனே யாராவது வந்து, "இதெல்லாம் பழசாயிடுச்சு, மொத்தமா இடிச்சுட்டு புதுசா பண்ணிடலாம், இவ்வளவு ஆகும்" என்று ஒரு தொகையைச் சொல்கிறார். அந்தத் தொகை நம் சேமிப்பிலிருந்தோ, உள்கடனிலிருந்தோ, வங்கிக் கடனிலிருந்தோதான் போக வேண்டும். கடன் வாங்கிக் கடையைப் புதுப்பித்து, அதற்குப் பிறகும் ஆர்டர் வராமல் போனால் தவணையை யார் கட்டுவது? அதனால் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களை வரிசையாகப் பார்ப்போம். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான் இது புரியும் என்று யாரும் ஒதுங்க வேண்டாம். கடை நடத்தத் தெரிந்தவர்களுக்கு இதுவும் புரியும்.

முதலில் பட்டாவைப் பாருங்கள்

வீட்டை இடித்துக் கட்டுவதற்கு முன்னால் மனை யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்போம் இல்லையா? இணையக் கடைக்கும் அப்படித்தான். இணையக் கடைக்கு மூன்று சொத்துக்கள் உண்டு.

ஒன்று, கடையின் முகவரிப் பெயர். இதை டொமைன் என்பார்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பொதுவாகச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை ஆகும். புதுப்பிக்காமல் விட்டால் சில வாரம் அவகாசம் கிடைக்கும். அதுவும் தாண்டிவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நம் ஊறுகாய்ப் பாட்டிலில் அச்சடித்த முகவரியைத் தட்டினால் யாரோ ஒருவருடைய பக்கம் திறக்கும். நாம் பத்து வருஷம் சேர்த்த பெயர் அவருக்குப் போய்விடும்.

இரண்டு, கடை இருக்கும் இடம். இதை ஹோஸ்டிங் என்பார்கள். இது வாடகை இடம். இதற்கும் ஆண்டு வாடகை உண்டு.

மூன்று, சாவிகள். டொமைன் கணக்கு, ஹோஸ்டிங் கணக்கு, கடையின் நிர்வாகப் பக்கம், மின்னஞ்சல், பணம் வாங்கும் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொற்களும், ஓ.டி.பி. வரும் செல்போன் எண்ணும்தான் இந்தச் சாவிகள்.

பல இடங்களில் டொமைன் வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரில் இருக்கும். ஓ.டி.பி. முன்னாள் ஊக்குநரின் சொந்த எண்ணுக்குப் போகும். அவர் மேல் தப்பு இல்லை. அன்றைக்கு அவரிடம்தான் போன் இருந்தது. ஆனால் இன்றைக்கு அவர் வெளியூர் போய்விட்டார் என்றால், நம் கடையை நாமே திறக்க முடியாது. அதனால் புதுப்பிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே, டொமைனைக் குழு அல்லது கூட்டமைப்பின் பெயருக்கு மாற்றுங்கள். குழுவுக்கென்று ஒரு சிம் கார்டும் ஒரு மின்னஞ்சலும் வைத்துக்கொள்ளுங்கள். கடவுச்சொற்களை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, இரண்டு பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டு, கணக்குப் புத்தகங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். தீர்மான நோட்டில் கடவுச்சொல்லை எழுத வேண்டாம். "உறை இன்னாரிடம் உள்ளது" என்று மட்டும் எழுதினால் போதும். பொறுப்பாளர்கள் மாறும்போது வங்கியில் கையெழுத்தை மாற்றுவது போலவே கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும்.

கடை பழசாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

இதற்கு நிபுணர் வேண்டாம். நம் கடையைப் பற்றித் தெரியாத ஒரு சகோதரியிடம் அவருடைய போனையே எடுக்கச் சொல்லுங்கள். நம் கடையிலிருந்து அரைக் கிலோ ஊறுகாய் வாங்கச் சொல்லுங்கள். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அவர் நிற்கிறாரோ, அந்த இடத்தில்தான் வாடிக்கையாளரும் நம்மை விட்டுப் போகிறார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கீழ்க்கண்ட குறைகள்தான் கண்ணில் படும்.

1. "பாதுகாப்பானது அல்ல" என்ற எச்சரிக்கை. கடை முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்க வேண்டும். கடைசியில் 'எஸ்' இல்லாத பழைய முகவரிகளை 2018 ஜூலையிலிருந்து கூகுள் குரோம் இப்படித்தான் காட்டுகிறது. அதைப் பார்த்தால் யார் பணம் போடுவார்கள்? இதைச் சரிசெய்யத் தேவையான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 2016 முதல் இலவசமாகவே தருகிறது. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் இதை ஒரே பொத்தானில் போட்டுத் தருகின்றன. இதற்கு மட்டும் ஆயிரக்கணக்கில் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 'எஸ்' இருந்தால் வழி பத்திரம் என்றுதான் அர்த்தம். கடைக்காரர் நேர்மையானவர் என்று அர்த்தமில்லை.

2. போனில் எழுத்து எறும்பு மாதிரி தெரிவது. அந்தக் காலத்து வெப்சைட்டுகள் கம்ப்யூட்டர் திரைக்காகச் செய்யப்பட்டவை. இன்று வாங்குகிறவர் கையில் இருப்பது போன். கூகுளும் ஒரு பக்கத்தை மதிப்பிடும்போது போனில் அது எப்படித் தெரிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. இந்த மாற்றத்தை அது 2023-ல் முழுமையாக்கியது. போனில் சரியில்லாத கடை தேடலிலும் பின்னால் போய்விடும்.

3. தமிழ் எழுத்து குழம்பித் தெரிவது. முன்பெல்லாம் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று பல வகை. அந்த எழுத்துரு இல்லாத போனில் நம் "எலுமிச்சை ஊறுகாய்" ஏதோ கிறுக்கலாகத் தெரியும். தேடினாலும் கிடைக்காது. தமிழக அரசே 2010-ல் யுனிகோடு முறையை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் உள்ளதை யுனிகோடுக்கு மாற்ற இலவசக் கருவிகள் உண்டு. மாற்றியதும் ஒருமுறை படித்துப் பார்த்துப் பிழை திருத்த வேண்டும்.

4. ஒரு பெட்டி மட்டும் காலியாகத் தெரிவது. பழைய கடைகளில் முகப்பில் ஓடும் படம் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டிருக்கும். அந்த மென்பொருள் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தப் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

5. திறக்கவே நேரமாவது. போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஒரு படம் 4 எம்.பி. என்றால் 30 பொருளுக்கு 120 எம்.பி. ஆகிறது. அதே படத்தைச் சுருக்கி 150 கே.பி. ஆக்கினால் முப்பதும் சேர்ந்து 4.5 எம்.பி.தான். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாடிக்கையாளரின் டேட்டாவும் மிச்சம், பொறுமையும் மிச்சம். இந்த ஒரு வேலையை நம் வீட்டுப் பிள்ளைகளே ஒரு மாலையில் செய்துவிடலாம்.

6. பழைய விலை, இல்லாத பொருள். இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய குறை. கடலை எண்ணெய் விலை மூன்று முறை மாறிவிட்டது, கடையில் மட்டும் பழைய விலையே இருக்கிறது. அல்லது ஆர்டர் எடுத்துவிட்டு, "அது இப்ப இல்லைங்க" என்கிறோம். ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார்.

இந்த ஆறில் 3, 5, 6 மூன்றையும் நாமே செய்யலாம். மீதிக்குத் தெரிந்தவர் உதவி வேண்டும். அதற்காகக் கடையையே இடிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி.

உள்ளே இருக்கும் எந்திரம்

வெளியே தெரியாத ஒரு குறையும் உண்டு. இணையக் கடை ஒரு மென்பொருளில் ஓடுகிறது. அதை உருவாக்கியவர்கள் குறிப்பிட்ட காலம் வரைதான் பழுது பார்ப்பார்கள். பிறகு நிறுத்திவிடுவார்கள். அதன் பின் திருடர்கள் கண்டுபிடிக்கும் ஓட்டையை அடைக்க ஆள் இருக்காது.

உலகம் முழுக்கச் சிறு கடைக்காரர்கள் பயன்படுத்திய மேஜெண்டோ மென்பொருளின் முதல் பதிப்புக்கு 2020 ஜூன் மாதத்தோடு ஆதரவு நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ஒரே வார இறுதியில் ஏறக்குறைய 2,000 மேஜெண்டோ கடைகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்தப் பழைய பதிப்பில் ஓடியவை. கடை பார்வைக்கு வழக்கம்போலவே இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் மட்டும் வாடிக்கையாளர் அடிக்கும் கார்டு எண்ணைக் களவாடும் சில வரிகளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதனால் வெப்சைட் செய்தவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நம் கடை எந்த மென்பொருளில் ஓடுகிறது? அதன் எந்தப் பதிப்பு? அந்தப் பதிப்புக்கு இன்னும் ஆதரவு உண்டா? "ஆதரவு இல்லை" என்று பதில் வந்தால் மேல்பூச்சு பூசிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். "உண்டு, ஆனா அப்டேட் பண்ணலை" என்றால், முதலில் கடை முழுவதையும் நகல் எடுத்து வைத்துவிட்டு அப்டேட் செய்யச் சொல்லுங்கள்.

திருத்துவதா, வாடகைக்குப் போவதா, மூடுவதா?

நமக்கு நாலு வழி இருக்கிறது.

முதல் வழி, இருப்பதையே திருத்துவது. மென்பொருளுக்கு ஆதரவு இருந்தால் இதுவே செலவு குறைவு.

இரண்டாவது வழி, இலவச மென்பொருளில் புதிதாகக் கட்டுவது. வேர்ட்பிரஸ் மேல் ஓடும் வூகாமர்ஸ் இப்படிப்பட்டது. மென்பொருள் இலவசம் என்றாலும் ஹோஸ்டிங், செய்பவர் கூலி, வருஷாவருஷம் பராமரிப்பு எல்லாம் நம் பொறுப்பு.

மூன்றாவது வழி, மாத வாடகைக் கடை. ஷாப்பிஃபை போன்றவை. அப்டேட், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வாடகை கட்டாவிட்டால் கடை மூடப்படும்.

நாலாவது வழி, சொந்த வெப்சைட்டே வேண்டாம் என்று முடிவு செய்வது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியலை இலவசமாகப் போடலாம். யு.பி.ஐ. கோடு அனுப்பிப் பணம் வாங்கலாம். மகளிர் குழுப் பொருட்களுக்கென்றே இ-சரஸ் போன்ற அரசு இணையச் சந்தைகளும் இருக்கின்றன. இந்த வழியில் போனாலும் டொமைனை மட்டும் விடாதீர்கள். அந்த முகவரியைத் தட்டினால் நம் வாட்ஸ்அப்புக்குப் போகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம்.

எந்த வழி சரி என்று கணக்குப் போட்டால்தான் தெரியும். ஓர் உதாரணம். ஒரு கடைக்கு டொமைன், ஹோஸ்டிங், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 300 ஆர்டர் வந்தால், ஓர் ஆர்டருக்கு 60 ரூபாய் கடைச் செலவு. ஓர் ஆர்டரில் நமக்கு நிற்கும் லாபம் 80 ரூபாய் என்றால், கையில் மிஞ்சுவது 20 ரூபாய். வருவது 150 ஆர்டர்தான் என்றால் ஓர் ஆர்டருக்கு 120 ரூபாய் செலவாகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் 40 ரூபாய் கையை விட்டுப் போகிறது. உழைப்பு நம்முடையது, நஷ்டமும் நம்முடையது. புதிய கடைக்கு இன்னும் அதிகம் செலவு சொன்னால், அதே கணக்கைப் போட்டு, "எத்தனை ஆர்டர் வந்தால் நமக்குக் கட்டும்?" என்று முதலில் பாருங்கள். அந்த எண்ணிக்கையைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்து ஒத்துப் பார்க்க உதவும்.

பொருளைப் பேச விடுங்கள்

சந்தையில் வாங்குகிறவர் மோந்து பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், நம்மிடம் கேள்வி கேட்பார். இணையத்தில் இந்த மூன்றையும் படமும் எழுத்தும்தான் செய்ய வேண்டும்.

படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில், வெள்ளைத் துணி விரித்து எடுங்கள். ஒரு படம் பொட்டலம் முழுதாகத் தெரிய வேண்டும், ஒன்று உள்ளே இருக்கும் பொருள், ஒன்று லேபிள். கூடை என்றால் பக்கத்தில் ஒரு தேங்காயை வைத்து எடுத்தால் அளவு புரியும். இணையத்தில் கிடைக்கும் அடுத்தவர் படத்தைப் போடாதீர்கள். வரும் பொருள் வேறு மாதிரி இருந்தால் திருப்பி அனுப்புவார்கள்.

எழுதும்போது "உயர்தரம், சுவை மிகுந்தது" என்பதோடு நிறுத்தாதீர்கள். என்ன எண்ணெய், காரம் எவ்வளவு, எத்தனை நாள் கெடாது, திறந்த பிறகு எப்படி வைக்க வேண்டும், எந்த ஊரில் யார் செய்தது என்று எழுதுங்கள். நாம் தினமும் வாயால் சொல்கிற பதில்கள்தானே இவை!

வாங்கும் வழியைச் சுருக்கமாக வையுங்கள். இணையத்தில் கூடையில் பொருளை எடுத்துப் போட்டவர்களில் பத்துக்கு ஏழு பேர் வாங்காமலே போய்விடுகிறார்கள் என்று டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிறது. அவர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று, கடைசியில் சேரும் கூடுதல் செலவு. இன்னொன்று, "முதலில் கணக்குத் தொடங்கு" என்று கட்டாயப்படுத்துவது. அனுப்பும் செலவைப் பொருள் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கணக்குத் தொடங்காமலே வாங்க வழி வையுங்கள். பெயர், முகவரி, பின்கோடு, போன் எண், இவ்வளவு போதும். தேவையில்லாத விவரத்தைக் கேட்டால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்பும் நம் தலையில் விழும். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

பணம் வாங்கும் வழி

பழைய கடைகளில் "இந்த வங்கிக் கணக்கில் பணம் கட்டி ரசீதை அனுப்பவும்" என்று இருக்கும். 2016-ல் யு.பி.ஐ. வந்த பிறகு யாரும் இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. இப்போது இரண்டு முறை இருக்கிறது.

குறைந்த ஆர்டர் வருகிற கடைக்கு, குழுவின் வங்கிக் கணக்கோடு இணைந்த யு.பி.ஐ. கோடு போதும். தனி ஒருவரின் கணக்குக் கோடு வேண்டவே வேண்டாம். பின்னால் கணக்குத் தகராறு வர அதுவே வழி.

ஆர்டர் அதிகமானால் பேமெண்ட் கேட்வே என்ற பணவாயில் நிறுவனத்தை இணைக்கலாம். யு.பி.ஐ., கார்டு, நெட் பேங்கிங் எல்லாம் அதில் வரும். எந்த ஆர்டருக்கு எந்தப் பணம் என்று அதுவே காட்டும். இதற்குக் கட்டணம் உண்டு. 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 500 ரூபாய்க்கு 10 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 1 ரூபாய் 80 காசு. நம் கைக்கு 488 ரூபாய் 20 காசு வரும். விலை வைக்கும்போதே இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எந்தெந்த வகைக்கு எவ்வளவு கட்டணம், பணம் எத்தனை நாளில் கணக்குக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

வாடிக்கையாளரின் கார்டு எண்ணை நாம் எழுதி வைக்கவோ, கம்ப்யூட்டரில் சேமிக்கவோ கூடாது. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் கார்டு எண்ணைச் சேமித்து வைப்பதை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. பழைய கடையில் அப்படி ஏதாவது இருந்தால் முதல் வேலையாக அழிக்கச் சொல்லுங்கள்.

மோசடியிலும் கவனம் வேண்டும். பணம் அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தால் பொருளை அனுப்பாதீர்கள். பணம் நம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். "பணம் வர்றதுக்கு இந்தக் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

பார்சல் கணக்கு

பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 30, 20, 20 அளவுள்ள பெட்டி என்றால் 12,000. வகுத்தால் 2.4 கிலோ. உள்ளே இருக்கும் அப்பளம் 1 கிலோதான் என்றாலும் 2.4 கிலோவுக்குத்தான் காசு. எனவே பெட்டி அளவாக இருக்க வேண்டும். ஊறுகாய்க்குக் கண்ணாடிப் பாட்டிலா, கசியாத பையா என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்து யோசியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பொருள் விற்றால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைக் கடையில் தெரியும்படி போட வேண்டும். 2022 ஜனவரி முதல் பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

பொட்டலப் பொருளாக இருந்தால், தயாரித்தவர் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை பொட்டலத்தில் மட்டுமல்ல, இணையப் பக்கத்திலும் இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல் இது நடைமுறையில் உள்ளது.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைதீர்க்கும் அலுவலரின் பெயரும் தொடர்பும் கடையில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் "கிடைத்தது" என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். திருப்பி எடுப்பது, பணம் திருப்பித் தருவது பற்றிய நிபந்தனையைத் தெளிவாக எழுத வேண்டும்.

புதுக் கடை செய்து தருபவர் சில வித்தைகளைச் சொல்லுவார். நூறு பாட்டில் இருக்கும்போதே "இன்னும் 2 மட்டும்தான் இருக்கு" என்று போடுவது, கேட்காமலே கூடுதல் பொருளைக் கூடையில் சேர்ப்பது, கடைசியில் புதிதாக ஒரு கட்டணம் காட்டுவது. இவற்றையெல்லாம் ஏமாற்று உத்திகள் என்று 2023 நவம்பரில் மத்திய அரசு பட்டியலிட்டுத் தடை செய்துவிட்டது. "எல்லாக் கடையிலயும் இருக்குங்க" என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஒரு முக்கியச் செய்தி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் நம் வெப்சைட் வழியாகப் பெங்களூருக்கோ மும்பைக்கோ ஒரு பார்சல் அனுப்பினால் அது வெளிமாநில விற்பனை. விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு வேண்டும். சில கைவினைப் பொருட்களுக்கு விதிவிலக்கு உண்டு. பதிவு செய்யாத கடை என்றால், "தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பப்படும்" என்று கடையிலேயே அமைத்துவிடுங்கள். இதை ஒரு வரி ஆலோசகரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

கடை மாறும் நாள்

புதுக் கடைக்கு மாறுவதாக இருந்தால் தீபாவளி, பொங்கல் நேரத்தில் மாறாதீர்கள். வியாபாரம் மந்தமான மாதத்தில் மாறுங்கள்.

மாறுவதற்கு முன் பழைய கடையின் முழு நகல், வாடிக்கையாளர் பட்டியல், பழைய ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

பழைய பக்கங்களின் முகவரி ஒவ்வொன்றையும் புதுப் பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். 301 திருப்பம் என்று சொன்னால் செய்பவருக்குப் புரியும். வீடு மாறினால் தபால்காரரிடம் புது முகவரி சொல்லிவைப்பது மாதிரிதான் இது. செய்யாவிட்டால் கூகுளில் பழைய இணைப்பைத் தட்டி வருபவர் "பக்கம் இல்லை" என்பதைப் பார்த்துத் திரும்பிவிடுவார். பல வருஷமாகத் தேடலில் கிடைத்திருந்த இடமும் போய்விடும்.

கடையைத் திறப்பதற்கு முன் நாமே பத்து ஆர்டர் போட்டுப் பார்க்க வேண்டும். விதவிதமான போனில், யு.பி.ஐ.யில், கார்டில், பணம் கட்டாமல் பாதியில் விட்டு, ஆர்டரை ரத்து செய்து, பணம் திருப்பி வருகிறதா என்று பார்த்து. எல்லாம் சரியாக நடந்த பிறகே செய்தவருக்குக் கடைசித் தவணைப் பணம்.

ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: எல்லாக் கணக்கும் குழுவின் பெயரில் இருக்கும். சாவிகள் அனைத்தும் ஒப்படைக்கப்படும். எத்தனை மாதம் இலவசமாகப் பழுது பார்ப்பார், அதன் பின் ஆண்டுக்கு எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்கும். விலை மாற்றுவதற்கும் படம் மாற்றுவதற்கும் நம் ஆட்கள் இரண்டு பேருக்குப் பயிற்சி தரப்படும்.

திறந்த பிறகுதான் வேலை

கடை பழசாவது ஒரே நாளில் நடப்பதில்லை. ஒரு விலை மாற்றாமல், ஒரு போனை எடுக்காமல், ஒரு புகாருக்குப் பதில் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பழசாகிறது. அதனால் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் ஆர்டரும் புகாரும் பார்க்க ஒருவர். வாரம் ஒருமுறை விலையும் இருப்பும் சரிபார்க்க ஒருவர். மாதம் ஒருமுறை நகல் எடுத்து, அப்டேட் செய்து, வரவு செலவைக் குழுக் கூட்டத்தில் படிக்க ஒருவர். இந்த வேலைக்குச் சம்பளமோ ஊக்கத்தொகையோ கொடுங்கள். "சும்மா பார்த்துக்கோம்மா" என்று ஒருவர் தலையில் கட்டினால் ஆறு மாதத்தில் கடை மறுபடி தூங்கிவிடும்.

அடுத்த கூட்டத்தில் பேச வேண்டியவை

• நம் டொமைன் யார் பெயரில் உள்ளது? என்றைக்குக் காலாவதியாகிறது?
• ஓ.டி.பி. யாருடைய எண்ணுக்கு வருகிறது?
• கடந்த 12 மாதத்தில் இணையம் வழியாக எத்தனை ஆர்டர் வந்தது? ஓர் ஆர்டருக்குக் கடைச் செலவு எவ்வளவு? லாபம் எவ்வளவு?
• மென்பொருளுக்கு ஆதரவு உள்ளதா?
• நாமே இந்த மாதம் செய்து முடிக்கக்கூடிய மூன்று திருத்தங்கள் எவை? யார் செய்வது?
• நாலு வழிகளில் நமக்கு எது ஒத்துவரும்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிய பிறகு செலவைப் பற்றிப் பேசுங்கள். சில குழுக்களுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். சில குழுக்களுக்குப் புதுக் கடையே தேவைப்படும். சில குழுக்கள் வெப்சைட்டை மூடிவிட்டு வாட்ஸ்அப்பிலேயே நன்றாக விற்கலாம். எந்த முடிவானாலும் நம் கணக்கை நாமே போட்டு, எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவாக இருக்கட்டும். சிறுகச் சிறுகச் சேர்த்த நம் சேமிப்பு ஒவ்வொரு ரூபாயும் நமக்கே திரும்பி வரட்டும்.